கரி பிடித்த முதுகுள்ள ஸ்லிப்வேர் தட்டு: தேய்த்துக் கழுவலாமா?

செங்களி (நாட்டிங்ஹாம்):

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில நாட்டுப்புற ஸ்லிப்வேர் (களிக்குழம்பால் அலங்கரித்த மட்பாண்டம்) பற்றி இங்கே நடந்த உரையாடல்களை ஓராண்டாக வாசித்து மட்டும் வந்தேன். சென்ற வாரம் துணிந்து ஒரு தட்டை ஏலத்தில் எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு ஐயங்களும் வந்துவிட்டன.

தட்டு செவ்வக வடிவம், மூலைகள் வளைந்தவை, நீளம் 41 செ.மீ., அகலம் 34 செ.மீ. உட்புறம் கரும்பழுப்பு நிறத்தில் இருக்கிறது. அதன்மேல் வெண்ணெய் நிறக் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. யாரோ குறுக்கே மெல்ல இழுத்துவிட்டதுபோல் அவை வரிசையாக மேலும் கீழும் வளைந்து நிற்கின்றன. விளிம்பு முழுவதும் பல்பல்லாக வெட்டப்பட்டிருக்கிறது. உட்புறம் கண்ணாடிபோன்ற தேன் நிற மெருகு. முதுகுப்புறத்தில் மெருகு கிடையாது, செங்கல் நிற மண் அப்படியே தெரிகிறது, அதன் நடுப்பகுதி அடுப்பங்கரைச் சுவரைப்போலக் கறுத்துக் கிடக்கிறது. ஏலப் பட்டியலில் ‘ஸ்டாஃபர்ட்ஷயர், 18ஆம் நூற்றாண்டு, நல்ல நிலை’ என்று எழுதியிருந்தார்கள். சுத்தியல் 220 பவுண்டில் விழுந்தது. ஏல நிறுவனத்தின் கட்டணமும் அதன் மீதான வரியும் சேர்ந்து 280 பவுண்டைத் தாண்டிவிட்டது.

என் கேள்விகள் இரண்டு. இது உண்மையிலேயே 18ஆம் நூற்றாண்டுத் தட்டுதானா? அந்தக் கரியைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாமா? வீட்டில் எல்லோரும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் கை வரவில்லை.

பர்ஸ்லெம்வாசி (ஸ்டோக்-ஆன்-டிரென்ட்):

வாருங்கள், செங்களி. முதலில் அந்தச் சோடா உப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் தட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இந்த வகைத் தட்டுகள் சக்கரத்தில் வனையப்பட்டவை அல்ல. குயவர் செம்மண் களியைச் சப்பாத்தி மாவைப்போலத் தட்டையாகப் பரப்பி, அதன்மேல் ஒரு நிறக் களிக்குழம்பை ஊற்றி மூடுவார். அது ஈரமாக இருக்கும்போதே, இறகின் தண்டு பொருத்திய சிறு மண்குவளையிலிருந்து வெண்களிக் குழம்பை இணைகோடுகளாக வழியவிடுவார். ஈர மாக்கோலம் போடும்போது விரலிடுக்கிலிருந்து மாவு ஒரே சீராக இறங்க வேண்டும் அல்லவா, இங்கேயும் அதே பதம்தான்: குழம்பு நீர்த்தால் கோடு பரவிவிடும், கெட்டியானால் திட்டுத்திட்டாக நின்றுவிடும். பிறகு ஓர் இறகின் நுனியைக் கோடுகளுக்குக் குறுக்கே ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் இழுப்பார். நீங்கள் ‘யாரோ இழுத்துவிட்டதுபோல்’ என்று எழுதியது சரிதான். உண்மையிலேயே ஒருவர் இழுத்துவிட்டிருக்கிறார். களி சற்று இறுகியதும் அந்தத் தகட்டைக் குவிந்த அச்சின்மேல் கவிழ்த்துப் படியவைத்து, ஓரத்தை அறுத்து, பல்சக்கரத்தை உருட்டி விளிம்பை வெட்டுவார். அலங்காரம் முதலில், வடிவம் பிறகு என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

ஆகவே இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். தட்டு வளைந்து மேலேறும் தோள் பகுதியில் கோடுகள் சற்றே நீண்டு இளகித் தெரிய வேண்டும், ஏனென்றால் வளைக்கும்போது களியோடு சேர்ந்து அவையும் இழுபடுகின்றன. விளிம்புப் பல்லின் வெட்டுவாயில் குழம்பு அறுபட்டு, அடியில் உள்ள செம்மண் எட்டிப்பார்க்க வேண்டும். வெட்டுக்குள்ளும் வெண்குழம்பு புகுந்திருந்தால், வடிவம் செய்தபிறகு பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

காலம் பற்றிய கேள்விக்கு, ஏலப் பட்டியல் அவசரப்பட்டுவிட்டது என்றே சொல்வேன். ஏறத்தாழ 150 ஆண்டுகள் இந்தத் தட்டுகளின் செய்முறை பெரிதாக மாறவில்லை. வட்டமானவை, சீப்பால் சீவியவை பொதுவாக முந்தியவை. உங்களுடையதைப் போன்ற பெரிய செவ்வகத் தட்டுகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 19ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. ‘ஸ்டாஃபர்ட்ஷயர்’ என்ற பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேல்ஸின் பக்லி, யார்க்ஷயர், வடகிழக்குக் கடற்கரை என்று பல இடங்களில் இதே தட்டைச் செய்தார்கள். நான் இந்த ஊர்க்காரன். எல்லாவற்றையும் எங்கள் ஊர்க் கணக்கில் எழுதினால் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் உண்மை அப்படி இல்லை.

முதுகுப்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். முகத்தை யாரும் போலியாகச் செய்துவிடுவார்கள். முதுகைச் செய்வதுதான் கடினம்.

அகல்விளக்கு (லெஸ்டர்):

நான் சேகரிப்பவள் அல்லள், என் கணவர்தான் சேகரிக்கிறார். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கரி என்பது கரிதான். எங்கள் பாட்டி வீட்டில் சட்டியின் அடியில் ஏறிய கரியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். அந்தச் சட்டிகள் நாற்பது ஆண்டுகள் உழைத்தன. இந்தத் தட்டைப் பயன்படுத்திய ஆங்கிலேயப் பெண்ணும் தன் பாத்திரத்தைத் தேய்க்காமலா விட்டிருப்பாள்? அவள் தேய்த்தால் இல்லறம், நாம் தேய்த்தால் குற்றம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு கேள்வி. தட்டு உறுதியாக இருந்தால் ஒருநாள் அதில் ஏதாவது சமைத்துப் பார்க்கலாமா? மெருகில் ஈயம் இருக்கிறது என்று என் கணவர் பயமுறுத்துகிறார். நாம் ஈயச்சொம்பில்தானே காலங்காலமாக ரசம் வைக்கிறோம்?

பர்ஸ்லெம்வாசி:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இந்த மெருகில் இருப்பது காரீயம். தமிழில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வந்த குழப்பம் இது. பெயர்தான் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. 17ஆம் நூற்றாண்டில் எங்கள் பகுதிக் குயவர்கள் காரீயத் தாதுவைப் பொடித்து, சுடாத பாண்டத்தின்மீது நேரடியாகத் தூவிச் சூளையில் ஏற்றினார்கள். அது மண்ணில் உள்ள சிலிக்காவோடு உருகிக் கண்ணாடியாகும். மண்ணிலும் குழம்பிலும் உள்ள இரும்பு அதற்குத் தேன் நிறம் தரும். பிற்காலத்தில் ஈயத்தை நீரில் கரைத்து ஊற்றினார்கள், ஆனால் அதுவும் காரீயமே. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் அந்த மெருகிலிருந்து ஈயம் கசியும். ஈயத் தூளையும் கரைசலையும் கையாண்ட தொழிலாளர்கள் ஈய நஞ்சினால் பட்ட பாட்டை எங்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள். 1940களின் இறுதியில்தான் சட்டம் போட்டுப் பதப்படுத்தாத பச்சை ஈயத்தை மெருகுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். பழைய ஸ்லிப்வேரில் சமைக்க வேண்டாம், ஊறுகாய் வைக்க வேண்டாம், பழம்கூட வெட்டி வைக்க வேண்டாம்.

கரியைப் பற்றி நீங்கள் சொன்னது நல்ல வாதம். அந்தப் பெண் தேய்த்திருப்பாள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மெருகில்லாத மண்ணுக்குள் ஊறிப்போன புகை தேய்த்தாலும் போகாது. அவள் விட்டதெல்லாம் அவளால் எடுக்க முடியாதது. சோடா உப்பைக் கரைத்துத் தேய்த்தால் அந்த உப்பு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு ஈரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு பருவத்திலும் அது படிகமாகி, வெண்ணிறத் தூளாக வெளியே தள்ளும். தள்ளும்போது மண்ணையும் மெருகையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகவே நான் தடுப்பது பழம்பொருள் பக்தியினால் அல்ல. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். உட்புறத்தை மட்டும், மெருகு பெயராமல் இருந்தால், ஈரப்பஞ்சால் துடையுங்கள். அவ்வளவே.

தேம்ஸ்கரையான் (இலண்டன்):

இந்த இழையை இப்பொழுதுதான் கண்டேன். முழுத் தட்டு வாங்கும் வசதி எனக்கு இல்லை. நான் ஓட்டுச்சில்லுகளைச் சேர்ப்பவன். தேம்ஸ் நதியின் நீர் வற்றும் வேளையில் கரையில் இறங்கித் தேடுவதற்கு இலண்டன் துறைமுக அதிகார சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டது எது கிடைத்தாலும் இலண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். நானும் அப்படித்தான் செய்து வருகிறேன்.

செங்களி, என்னிடம் உள்ள ஒரு சில்லைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு உதவக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் விளிம்புத்துண்டு. உடைந்த பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும்: அடியில் வெளிர்மஞ்சள் மண், அதன்மேல் வெண்குழம்பு, எல்லாவற்றுக்கும் மேல் நகத்தின் தடிப்பில் மஞ்சள் கண்ணாடி. சீவிய பழுப்புக் கோடுகள் வெண்குழம்புக்குள்ளே அமிழ்ந்து கிடக்கின்றன. விரலால் தடவினால் மேடு தட்டாது. கோடுகள் மேலே நிற்காமல் உள்ளே கிடப்பதுதான் ஈரத்தின்மீது ஈரம் விட்டதற்குச் சாட்சி. பிற்காலத்தில் காய்ந்த மண்மீது தீட்டியவற்றில் விரல் தட்டும். இத்தனையையும் ஒரு காசு செலவில்லாத சில்லு எனக்குக் கற்றுத் தந்தது. முழுத் தட்டில் இந்த உட்பக்கத்தைப் பார்க்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்லிப்வேர் என்றதும் எல்லோரும் ஸ்டாஃபர்ட்ஷயருக்கே ஓடுகிறார்கள். எங்கள் கரையில் 17ஆம் நூற்றாண்டுப் படிவுகளில் கிடைப்பதில் எசெக்ஸின் ஹார்லோ பகுதியில் செய்த பாண்டங்களும் உண்டு. செம்மண்மீது வெண்குழம்பால் எழுத்துகளை வழியவிட்டிருப்பார்கள்: நோன்பிரு, செபம் செய், கடவுளுக்கு அஞ்சு என்ற வகையிலான வாசகங்கள். தூய்மைவாதக் கிறித்தவர்களின் காலம் அது. தண்ணீர் குடிக்கும் குவளையிலும் புத்திமதி. இலண்டனில் மிகுதியாகக் கிடைத்ததால் அவற்றுக்குத் ‘தலைநகர ஸ்லிப்வேர்’ என்று பெயர் விழுந்துவிட்டது, செய்த ஊருக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

மேற்கத்தியான் (எக்சிட்டர்):

தேம்ஸ்கரையான் சொன்னதை வழிமொழிகிறேன், என் மனக்குறையையும் சேர்த்துக்கொள்கிறேன். சேகரிப்பாளர்களின் கண்ணை தாமஸ் டாஃப்ட் என்ற ஒரே பெயர் மறைத்து நிற்கிறது. 1689 இல் மறைந்த அந்த ஸ்டாஃபர்ட்ஷயர்க் குயவரின் பெரிய தாம்பாளங்கள் அழகானவை என்பதை நான் மறுக்கவில்லை. வெண்குழம்பின்மீது கரும்பழுப்பில் வரைந்து, இடையே செம்மஞ்சளை நிரப்பி, கருங்கோட்டின்மேல் முத்துக்கோத்ததுபோல் வெள்ளைப் புள்ளி வைத்து, ஓரத்தில் பின்னல் தட்டியைப்போல் குறுக்குக்கோடு போட்டு, கீழே தன் பெயரையும் எழுதிவைத்தார். ஓக் மரத்தில் ஒளிந்திருக்கும் மன்னர் இரண்டாம் சார்லஸ், கடற்கன்னி, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன் என்று ஊரார் வாயில் இருந்ததையெல்லாம் தட்டில் இறக்கினார். ஆனால் அவை அலமாரியில் காட்சிக்கு நிறுத்தச் செய்தவை. நாட்டுப்புறப் பாண்டம் என்றால் எனக்கு வேலைசெய்த பாண்டம்தான் நினைவுக்கு வருகிறது.

வட டெவனின் பார்ன்ஸ்டேபிள், பிட்ஃபர்ட் பகுதிகளில் செம்மண் பாண்டத்தின்மீது வெண்குழம்பு பூசி, அது காயுமுன் கூரிய குச்சியால் கீறி, அடியில் உள்ள சிவப்பை வெளிக்கொணர்ந்தார்கள். அந்தப் பாண்டங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் வரை சென்றன. அங்கே அகழ்ந்தபோது எங்கள் மண் கிடைத்தது. அறுவடைக் காலத்தில் வயலுக்கு வாற்கோதுமை மதுவோ ஆப்பிள் மதுவோ எடுத்துச் செல்வதற்கென்று பெருங்குடங்கள் செய்தார்கள். வயிற்றில் கப்பல், சிங்கம், பூங்கொத்து. பக்கத்தில் நான்கு வரிப் பாட்டு. பல குடங்களில் பெயரும் ஆண்டும் உண்டு. பிட்ஃபர்டின் பர்ட்டன் கலைக்கூடத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஆண்டு பொறித்த பாண்டம் கையில் இருந்தால் ‘18ஆம் நூற்றாண்டு’ என்று பட்டியலில் யாரும் கதைவிட முடியாது.

பர்ஸ்லெம்வாசி:

டாஃப்டை நீங்கள் இறக்கிப் பேசியதற்குப் பழிவாங்க மாட்டேன். ஒரே ஒரு திருத்தம். வேலைசெய்த பாண்டம், காட்சிப் பாண்டம் என்று இருவேறு சாதிகள் அன்று இருக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே சூளையில் இரண்டும் வெந்தன. ராபர்ட் பிளாட் என்ற அறிஞர் 1686 இல் ஸ்டாஃபர்ட்ஷயரைப் பற்றி எழுதியபோது எங்கள் பர்ஸ்லெம் ஊர்க் குயவர்களின் களிமண் வகைகளையும் குழம்பு வகைகளையும் கிட்டே நின்று பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நீலம் பாய்ந்த ஒரு மண்ணை அவர்கள் ‘வெண்களி’ என்று அழைத்தார்களாம். சுட்டால் அது மஞ்சளாக வருமாம். அதைவிட வெளிறிய நிறத்தில் பாண்டம் செய்ய அவர்களால் முடியாததால் அதுவே அவர்களுக்கு வெள்ளையாம். ஏலப் பட்டியல்களில் ‘வெள்ளை’, ‘வெண்ணெய்’, ‘மஞ்சள்’ என்று நிறத்தைப் பிரித்து விலை வைப்பவர்களைக் காணும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

செங்களி:

நண்பர்களே, இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தேன். தோளில் கோடுகள் இழுபட்டிருக்கின்றன. விரலுக்கு மேடு தட்டவில்லை. விளிம்புப் பல்லில் மூன்று பக்கங்களில் செம்மண் எட்டிப்பார்க்கிறது. நான்காவது பக்கத்தில், வலது மூலையை ஒட்டி ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு, எட்டிப்பார்க்கவில்லை. அங்கே எல்லாம் ஒரே பழுப்பாக, சற்று அதிகமாகவே அழகாக இருந்தது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். அந்த ஒரு சாண் மட்டும் பால் கலந்த நீரைப்போல வெளுத்து ஒளிர்ந்தது, மீதித் தட்டு இருண்டு கிடந்தது. ஊசிமுனையால் மெல்லத் தொட்டால் மற்ற இடங்களில் கண்ணாடி வழுக்குகிறது, அங்கே மெழுகைப்போல அமுங்குகிறது. உடைந்த விளிம்பைப் பிசின் வைத்துக் கட்டி, வண்ணம் தீட்டி மறைத்திருக்கிறார்கள். ஏல நிறுவனத்தைத் தொடர்புகொண்டேன். ‘நல்ல நிலை’ என்பது அவர்களுடைய கருத்துதான் என்றும், முன்கூட்டியே நிலை அறிக்கை கேட்டிருக்க வேண்டும் என்றும், அவ்வாறு கேட்காதது என் பொறுப்பு என்றும் பணிவோடு எழுதினார்கள். பிறகு இரண்டு மின்னஞ்சல்கள் போன பின்னர், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். கணக்கு அத்தோடு முடிந்தது, கோபம் முடியவில்லை.

முதுகின் படங்களை இணைத்திருக்கிறேன். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்களா என்றும் ஏல நிறுவனத்தாரே கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் விடை சொல்லவில்லை.

பர்ஸ்லெம்வாசி:

படங்களைப் பார்த்தேன். முதுகு நன்றாக இருக்கிறது. ‘நன்றாக’ என்றால் அசிங்கமாக இருக்கிறது என்று பொருள்: மண்ணில் வெளிறிய கீற்றுகள், சிறு கற்கள், ஒரு சுண்ணாம்புத் துணுக்கு வெடித்த குழி. இன்றைய களி ஆலையில் அரைத்து வடிகட்டி வருவது. அதில் இந்தக் கோளாறுகள் இருக்காது. புகையும் நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிகிறது, அடுப்புத் தளத்தில் அமர்ந்த தட்டுக்கு அதுதான் இயல்பு. தேநீர்ச் சாயமும் காலணி மெழுகும் தடவிய போலிகளில் கறுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். உட்புறம் எடுத்த மூன்றாவது படத்தை நீங்கள் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? கத்திக் கீறல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே சாய்வில், வலது மேற்புறத்திலிருந்து இடது கீழ்ப்புறமாக. யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கத்தில் நின்று ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டத்தை வெட்டிப் பரிமாறியிருக்கிறார்.

தட்டு உண்மையானது, செப்பனிட்டதை மறைத்தது மட்டுமே பொய். வேண்டுமானால் அந்த வண்ணப்பூச்சைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லி, உடைந்த விளிம்பை உடைந்தபடியே வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

மேற்கத்தியான்:

இதில் எனக்கு உடன்பாடில்லை. விளிம்புச் சில்லு போனது வேறு, ஒரு சாண் விளிம்பே போனது வேறு. இதே பணத்துக்கு முழு விளிம்புள்ள சிறிய வட்டத் தட்டு கிடைக்கும். முதல் பாண்டத்திலேயே சமரசம் செய்தால் அலமாரி முழுவதும் சமரசமாகிவிடும். திருப்பிக் கொடுங்கள்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். ஏமாற்றும் நோக்கமில்லாமல் செய்த நல்ல பாண்டங்களே பிற்காலத்தில் போலிகளாகின்றன. 1926 இல் மைக்கேல் கார்டியூ கிளாஸ்டர்ஷயரின் விஞ்ச்கோம்பில், கைவிடப்பட்ட ஒரு சூளையை மீட்டு இதே ஸ்லிப்வேரைத் திரும்பச் செய்யத் தொடங்கினார். அவர் கற்றுக்கொண்டது எங்கள் வட டெவனில், ஃபிஷ்லி குயவர் குடும்பத்தின் வாரிசிடம். ஹாலிஃபாக்ஸ் அருகே சாயில் ஹில்லில் ஐசக் பட்டன் என்பவர் தனி ஒருவராக நாட்டுப்புறச் சூளையை 1960களின் நடுப்பகுதி வரை நடத்தினார். இவற்றை யாரும் பொய்யாகச் செய்யவில்லை. ஆனால் அடியில் உள்ள முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டு, இருநூறு வயது கூட்டி விற்பவர்கள் உண்டு. முதுகில் எங்கேனும் வட்டமாகத் தேய்த்த தடம் இருந்தால் விலகிவிடுங்கள். விலை மிகுந்த பாண்டமென்றால் வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்யலாம்; அடியில் துளையிட்டுச் சிட்டிகைத் தூள் எடுப்பார்கள். அது பழையதா புதியதா என்று சொல்லும், 1780ஆ 1830ஆ என்று சொல்லாது. 280 பவுண்டுத் தட்டுக்கு அது பொருந்தாத செலவு.

கணக்குப்பிள்ளை (கேம்பிரிட்ஜ்):

செங்களி முடிவெடுக்குமுன் ஒருநாள் கேம்பிரிட்ஜ் வந்து ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. டாஃப்டின் தாம்பாளங்களும், கென்ட்டின் ரூட்டம் (Wrotham) ஊரில் 1612 முதல் செய்யப்பட்ட பல கைப்பிடிக் குவளைகளும் அங்கே இருக்கின்றன. பெரும்பகுதி ஜே. டபிள்யூ. எல். கிளெய்ஷர் என்ற ஒருவர் சேர்த்தது. ஏறத்தாழ 3,000 மட்பாண்டங்களை 1928 இல் அவர் மறைந்தபோது உயிலின்படி அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. கிளெய்ஷர் தொழில்முறையில் குடுவை வியாபாரி அல்லர், கணிதவியலாளர்; டிரினிட்டி கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் ஆய்வாளராக இருந்தவர். 1914 இல் சீனிவாச இராமானுஜன் வந்து சேர்ந்தது அதே டிரினிட்டிக்குத்தான். எண்களை வர்க்கங்களின் கூட்டலாக எழுதும் வழிகளை எண்ணுவது பற்றிய கிளெய்ஷரின் முடிவுகளை இராமானுஜன் தம் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்தாண்டு, அவற்றுக்கு அப்பால் கொண்டுசென்றிருக்கிறார். கும்பகோணத்துக்காரர் மேற்கோள் காட்டிய மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டுப்புறக் குவளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

கிளெய்ஷரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுண்டு. எந்தப் பாண்டத்தை எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார் என்பதைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார், உடைசலையும் எழுதினார். அவருடைய சேகரிப்பிலும் விரிசல் விட்டவை, ஒட்டியவை இருக்கின்றன. செங்களி, தட்டை வைத்திருப்பதோ திருப்பிக் கொடுப்பதோ உங்கள் விருப்பம். வைத்திருந்தால் அந்த ஒரு சாணைப் பற்றி இன்றே எழுதி, ஏலச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். நாளை அது உங்கள் கையைவிட்டுப் போகும்போது அடுத்தவர் இருட்டில் விளக்குப் பிடிக்க வேண்டியிருக்காது.

நொய்யலான் (கோயம்புத்தூர்):

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இங்கிருந்தபடியே இணைய ஏலங்களில் வாங்கலாமா? தேம்ஸ்கரையான் அண்ணன் ஓரிரு சில்லுகளை அஞ்சலில் அனுப்ப முடியுமா?

தேம்ஸ்கரையான்:

தம்பி, அனுப்ப எனக்கு ஆசைதான், சட்டம் விடாது. பிரித்தானிய மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப, அதன் விலை எதுவானாலும், ஏற்றுமதி உரிமம் பெற வேண்டும். சில்லுக்கும் அதே சட்டம்.

முழுப் பாண்டம் வாங்குவதானால், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதே என் அறிவுரை. சந்தையில் பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பாரே, ‘கணீர்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் விரிசல் என்று. அது இந்தத் தட்டுகளுக்குப் பாதிதான் பொருந்தும். தாழ்ந்த சூட்டில் வெந்த தடித்த மண் என்பதால் நல்ல தட்டே மந்தமாகத்தான் ஒலிக்கும். அந்த மந்தத்துக்கும் விரிசலின் கரகரப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பழக வேண்டும். அதை இணையப் படத்தில் கேட்க முடியாது. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் முதுகுப் படங்களும் உள்ளவற்றைத் தேடிப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். இங்கே வரும்போது சொல்லுங்கள், கரைக்குக் கூட்டிப் போகிறேன், பார்க்க மட்டும்.

அகல்விளக்கு:

என் கேள்விக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். அந்தக் கத்திக் கீறல்களைப் பற்றிப் படித்தபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். தேய்க்க வேண்டாம். ஆனால் ஒரு திருத்தம், பர்ஸ்லெம்வாசி ஐயா: வலது மேலிருந்து இடது கீழ் என்றால், வெட்டியவர் தட்டின் நீளப்பக்கத்தில் நின்றிருந்தால் அவர் இடக்கைக்காரர். நானும் இடக்கைக்காரி, என் வெட்டுப்பலகையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பர்ஸ்லெம்வாசி:

அம்மா, என் வெட்டுப்பலகையையும் பார்த்தேன். எதிர்ச்சாய்வு. ஒப்புக்கொள்கிறேன்.

செங்களி:

தட்டை வைத்துக்கொண்டேன். மேற்கத்தியான் பொறுத்தருள வேண்டும். முழு விளிம்புள்ள வட்டத் தட்டு அடுத்த ஆண்டுக்கு. கேம்பிரிட்ஜுக்கு வரும் சனிக்கிழமை போகிறேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி ஒரு குறிப்பேடு வாங்கி முதல் பக்கத்தில் அளவு, விலை, ஒரு சாண் செப்பனிடல், இடக்கைக் கீறல்கள் என்று எழுதிவிட்டேன். வண்ணப்பூச்சை எடுப்பது பற்றி ஒரு செப்பனிடுநரிடம் கேட்டிருக்கிறேன். வாசலில் ஆறு மாத வரிசை.

கடைசியாக ஒரு சின்ன ஐயம். இதைச் சுவரில் மாட்ட, சுருள்கம்பியில் கொக்கிபோட்ட தட்டுமாட்டி வாங்கினேன். நான்கு கொக்கிகளில் ஒன்று சரியாக அந்தப் பிசின் விளிம்பில் வந்து உட்காருகிறது.

பர்ஸ்லெம்வாசி:

மாட்டாதீர்கள். அந்தக் கம்பி நாள் முழுவதும் விளிம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல விளிம்பே அதில் சில்லு விடும். மரத்தாலான சாய்வு நிறுத்தி ஒன்றை வாங்கி, செப்பனிட்ட பக்கம் மேலே வரும்படி, பாரம் நல்ல விளிம்பில் இறங்கும்படி அலமாரியில் நிறுத்துங்கள். நிறுத்தியின் கால்களில் துணி ஒட்ட மறக்க வேண்டாம்.